கூட்ஸும் ரயில்தான்

ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ரயில் சத்தம் கேட்டால் தண்ணீர் நின்றுவிடும். ஒரு வீட்டுக்கு நின்று அடுத்த வீட்டுக்கு வரும். இதை நான் வேலை பார்க்கும் இடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரசீது போடுகிறவள் நான். காலையில் ரயிலில் போய் மாலையில் ரயிலில் திரும்புகிறேன். அப்போதெல்லாம் நான் வரும் வண்டி யாருடைய தண்ணீரையாவது நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது யாராவது ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு, "உன் வண்டி இன்னிக்குன்னு பாத்து கரெக்டா வரணுமா?" என்று கேட்பாள், இன்ஜினை நானே ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி.

இந்த ஏற்பாட்டைச் செய்தவள் என் பக்கத்து வீட்டு அக்கா. அவள் இப்போது எங்கள் தெருவில் இல்லை, வீடு மாறிப் போய்விட்டாள். அவள் போன பிறகு வந்தவர்களுக்கு இதையெல்லாம் சொன்னால் ஏதோ வேடிக்கைக் கதை கேட்பது போலக் கேட்கிறார்கள். வேடிக்கைதான். ஆனால் அந்த ஏற்பாடு எப்படி வந்தது, எப்படி உடைந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நிலையில் நிற்பதில்லை. அவள் மகளின் தலைப்பிரசவத்தோடு அது பின்னிக்கொண்டு கிடக்கிறது.

திருத்தணி மலை தெரியும் தூரத்தில், தண்டவாளத்தை ஒட்டி, வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த கொல்லையை மனை போட்டு விற்றார்கள். சென்னைக்கு ரயில் இருக்கிறது, திருப்பதிக்கு பஸ் இருக்கிறது, முருகன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான் என்று சொல்லி விற்றார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒரு போர் போட்டு, ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி, நுழைவாயிலில் ஒரு வளைவும் வைத்துவிட்டு மனைக்காரர்கள் போய்விட்டார்கள். பஞ்சாயத்துக் குழாய் வரும் என்றார்கள். அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

அந்த ஒரு போர்தான் எங்களுக்கு எல்லாம். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலில் ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு. அதைத் திருகுவதற்கு ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று உண்டு, மேலே குறுக்குப் பிடி வைத்தது. அதைச் சாவி என்போம். அந்தச் சாவியை அக்காதான் வைத்திருந்தாள். யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. முதல் வருடம் அதற்காக ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் சாவி கீழே கிடந்தது, அவள் எடுத்தாள், பிறகு கீழே வைக்கவே இல்லை. சாவியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பேசும்போதும் அவள் காது தண்டவாளத்தின் பக்கமே இருக்கும். ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் பக்கவாட்டில் போய்த் தரைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் உள்ளே வந்து, "இன்னாம்மே, நல்லாகீறியா?" என்று கேட்பாள். எனக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது பார்க்க வந்தவள் அன்றைக்கும் அப்படித்தான் செய்தாள். தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் எழுந்து நடமாடும் வரை என் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை, தன் வீட்டிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள்.

ரயில் கணக்கு வந்தது ஒரு சண்டையில். முதலில் கடிகாரம் வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக் கடிகாரமும் அந்தந்த வீட்டுக்குச் சாதகமாக ஓடியது. எங்கள் தெருவின் முதல் வீடு மாவு மில்காரருடையது. அவர் வீட்டுக் கடிகாரம் அரைத்து முடித்த பிறகுதான் அடுத்த நிமிடத்துக்கு நகரும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் மாலை அவருக்கும் எதிர் வீட்டுக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகும் நேரத்தில், சென்னைப் பக்கமிருந்து ஒரு வண்டி தடதடவென்று போனது. அக்கா சாவியை ஓங்கித் தரையில் ஒரு குத்துக் குத்தினாள்.

"கடியாரம் வேணாம். இனிமே ரயிலு வந்தா மூடிடுவேன். அடுத்த ரயிலு வர்ற வரிக்கும் அடுத்த வூடு. இது யார் வூடுன்னு ரயிலுக்குத் தெரியாதுல்ல."

மில்காரர் விடவில்லை. "எக்ஸ்பிரஸா, லோக்கலா?"

"எது வந்தாலும்."

"கூட்ஸு?"

"கூட்ஸும் ரயிலுதான்."

அன்று தொடங்கியது. யார் வீட்டுக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு எங்கள் தெருவில் முறை என்று பேர். முறை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள நியாயம். சில நாள் இரண்டு வண்டி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும், குடம் நனைவதற்குள் முறை முடிந்துவிடும். சில நாள் எங்கேயோ சிக்னல் விழாமல் ரயிலே வராது, அந்த வீட்டில் கல்யாணக் களை கட்டிவிடும். துணி துவைப்பார்கள், மாவுக்கு அரிசி ஊறவைப்பார்கள், வாசலைக் கழுவிக்கூட விடுவார்கள். மில்காரர் மனைவி தன் முறையின்போது மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள், ரயில் தாமதமாக வரவேண்டும் என்று. அதே ரயிலில் நான் வந்துகொண்டிருப்பேன். எங்கள் இருவரில் யாருடைய வேண்டுதலை முருகன் கேட்பான் பாவம்.

அக்காவின் வீடு கடைசி வீடு. "சாவி வெச்சிருக்கறவ கடைசியில எடுக்கணும்" என்பாள். மேல்தொட்டியில் மிச்சம் இருந்தால் அவளுக்கு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதனால் அவளைத் தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். தியாகிகளுக்கு இவ்வளவு வாய் இருக்காது.

முறை என்ற சொல் அவள் நாக்கிலேயே குடியிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல் கூட்டம் நெரிசலாக இருந்தபோது, யாரோ ஒரு பெரிய மனிதரின் குடும்பத்தை நடுவில் நுழைத்தார்கள் என்று வரிசையை நிறுத்திவிட்டாள். காவலுக்கு நின்றவர், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். "வரிசையில நிக்கறவ. முறையா வரச்சொல்லு" என்றாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவரே ஒரு தடவை முன்னால் நின்றவரை விட்டுவிட்டுத் தெரிந்தவரை ஏற்றிக்கொண்டார் என்று நடு பஜாரில் வைத்து, "இன்னா பாவா இது, முறையில்லாம" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளுக்கு அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அதிகம் பேசாத மனிதர், ஆட்டோவிலேயே எல்லாச் சத்தத்தையும் கேட்டுவிடுவார் போல.

எல்லாவற்றையும்விட மோசம், எதிர்ச்சாரியில் ஒரு சாவு விழுந்தபோது. ஒப்பாரி வைத்துக்கொண்டு நாலு பெண்கள் ஒரே நேரத்தில் வாசலில் முண்டியடிக்க, உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "ஒவ்வொருத்தரா முறையா வாங்க." அழுதுகொண்டிருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அக்கா பிறகு வருத்தப்பட்டாளா என்றால் இல்லை. "முறையா அழுதா எல்லாருக்கும் பொணம் தெரியும்ல" என்றாள்.

ஒரு தடவை அவளிடமே கேட்டேன், ஏன் அக்கா இப்படி என்று. நகரிப் பக்கம் அவள் பிறந்த ஊர். அங்கே அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு.

"நைனாவுக்கு ஒரு நாளு, சித்தப்பாவுக்கு ஒரு நாளு. ஒரு வெயில் காலத்துல சித்தப்பா எங்க நாள்ல மோட்டாரு போட்டுட்டாரு. நாத்து காஞ்சிகினு கீது, கேட்டா குடுக்க மாட்டியான்னு அவரு. கேக்கலியேடான்னு இவரு. அதோட பேச்சு நின்னுது. நைனா செத்தப்பவும் சித்தப்பா வர்ல. வரப்பு மேல நின்னு பாத்துட்டுப் போய்ட்டாரு."

"யார் மேல தப்புக்கா?"

"தப்ப வுடு. தப்பு வேற, முற வேற."

இது என்ன பேச்சு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு மில்காரர் விஷயத்தில் புரிந்தது. அவர் குழாயோடு நேராக ஒரு சின்ன மோட்டாரைச் சேர்த்து, தன் முறையில் வரும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். மேல்தொட்டி சீக்கிரமே காலியாக, பின்னால் உள்ள வீடுகளுக்கு வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்குள் போய், அந்த மோட்டாரின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை, கத்தவில்லை. மில்காரர் மனைவி காப்பி கொடுத்தாள், வாங்கிக் குடித்தாள். அவர் ஆள் வைத்து மோட்டாரைக் கழற்றும் வரை எழுந்திருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அவருக்கு ஒரு மாதம் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று குதித்தோம். அக்கா மறுநாளே அவர் வீட்டு வால்வை முதலில் திறந்தாள். தப்பு வேறு, முறை வேறு. மில்காரர் அன்றிலிருந்து அவளைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்.

பின்னால் இரண்டாவது தெரு வந்தது, மூன்றாவது தெரு வந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாடகை கட்ட முடியாதவர்கள் இங்கே வீடு கட்டினார்கள். கட்டடத்துக்கும் அதே போர்த் தண்ணீர்தான். போர் எங்கள் தெருவுக்காகப் போட்டது, அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் போட்டோம். அக்கா நின்றுகொண்டே கேட்டாள். "நீங்க வர்றதுக்கு முந்தி இந்த எடம் வேர்க்கல்லைக்குப் போட்டது. வேர்க்கல்ல உங்கள வேணாம்னு சொல்லிச்சா?" என்றாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கும் முறை வைத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர் எங்களுக்கு இரண்டு நாள் விட்டு வந்தது. பங்குனி வெயிலில் போரிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தெருவில் எல்லாருக்கும் காது நீண்டுவிட்டது. பால் வண்டியின் ஹாரன் கேட்டாலும் ரயிலோ என்று திடுக்கிடுவோம்.

அந்த வெயிலில்தான் அவள் மகளுக்கு வளைகாப்பு நாள் பார்த்தார்கள்.

ஒரே மகள். அம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எந்த ஊரிலும் உள்ளது. வளையல் போட்டதும் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அக்கா உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் வாங்கி, பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அப்போது சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது. கெட்ட மனுஷி இல்லை அவர். போனை அக்கா எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துத்தான் பேசுவாள், அதனால் நானும் கேட்டேன்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு, நான் இல்லேங்கலைங்க. ஆனா உங்க ஊர்ல தண்ணிக்கு ரயில் பாத்துட்டு நிக்கறீங்கன்னு பையன் சொல்றான். பச்ச ஒடம்புக்காரி, பச்சப் புள்ள. தண்ணி இல்லாத எடத்துக்கு எப்படி அனுப்பறது? ஞாயித்துக்கெழம நானே வரேன். வந்து பாத்துட்டு சொல்றேன்."

"வாங்க சம்பந்தி, தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். மகளும் தனியாகப் பேசினாளாம். "அம்மா, எனக்கு இங்க பயமா இருக்குமா. உன்கிட்டயே வந்துடறேன்மா" என்று. இதை அக்கா எனக்குச் சொன்னபோது சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அவள் வீட்டுத் தொட்டியில் அடி மண்ணுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமைதான் முறை. அதிலும் அவளுக்குக் கடைசி.

அந்தச் சனிக்கிழமை தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் தண்ணீர் எடுப்பதில் கொஞ்சம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி வருவதற்கு முன்பே, "போதும்க்கா, எனக்கு ரொம்பிடுச்சு, மூடிடு" என்றார்கள். மில்காரர் வீட்டிலும் அப்படியே சொன்னார்கள், அங்கே எதுவும் ரொம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா மட்டும் அசையவில்லை. "ரயிலு வரட்டும்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். நான் வேலையிலிருந்து வந்தபோது என் வீட்டு முறை. "மூடுக்கா" என்றேன். "உன் வண்டி போயாச்சு. அடுத்தது வரட்டும்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஒரு பொம்பளைக்கு எதற்கு?

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் முறை வந்தது. மேல்தொட்டியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அவள் குழியில் சாவியை இறக்கித் திருகினாள். முதலில் காற்று சீறியது, பிறகு நூலாக வந்தது, பிறகு தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. என் சுவரோரம் நான் நின்றேன். எதிர்வீட்டுக்காரி நின்றாள். மில்காரர் இடுப்பில் துண்டோடு வந்து நின்றார். பாவா ஆட்டோவை ஓரமாக விட்டுவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

அப்போது ரேணிகுண்டா பக்கமிருந்து சத்தம் கேட்டது. கனமான சத்தம். கூட்ஸ்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா குனிந்து வால்வை மூடினாள். தொட்டியில் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"தொறம்மே," என்றார் மில்காரர். "அது கூட்ஸு."

"கூட்ஸும் ரயிலுதான்."

"இன்னிக்கு ஒரு நாளு அத வுட்டுடு. நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

"நீங்க குடுக்கறீங்களா?"

"ஆங், குடுக்கறோம். நாங்களா மனசோட குடுக்கறோம். இன்னா இப்ப?"

"இன்னிக்கு நீ குடுப்ப. நான் வாங்கிக்குவேன். நாளைக்கு இன்னொருத்தி வூட்ல விசேஷம்னு வந்து நிப்பா. அவள இன்னான்னு சொல்லி அனுப்பறது?"

கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல். அந்தச் சத்தத்தில் பேசவும் முடியாது. அவள் சாவியின் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் பெட்டி போய் ஓய்ந்ததும், பாவா ஆட்டோவுக்குள்ளிருந்து பேசினார். அவர் குரலையே நாங்கள் மறந்திருந்தோம்.

"பொண்ணு வேணாமா உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். அக்கா சாவியை மறுபடி இறக்கித் திறந்தாள். தண்ணீர் விழத் தொடங்கிய பிறகு நிமிர்ந்து, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"கூட்ஸு கணக்கு இல்ல."

மேல்தொட்டி அடியோடு காலியாகும் வரை அவள் வீட்டுக்குத் தண்ணீர் ஓடியது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். மில்காரர் ஏதோ தானே பெண்ணைப் பெற்றவர் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அன்று எங்கள் தெரு ஒரே வீடாக இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் வந்தார். வந்ததும் பக்கவாட்டில் போய்த் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அக்கா பக்கத்தில் கைகட்டி நின்றாள். "பரவாயில்லையே, ரொம்ப இருக்கே. பையன்தான் பயமுறுத்திட்டான்" என்று சொல்லி, சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார். வளைகாப்பு முடிந்து மகள் வந்துவிட்டாள்.

அடுத்த முறையில் மில்காரர் வீட்டுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தபோது ஒரு கூட்ஸ் போனது. அக்கா மூடப் போனாள். மில்காரர் மனைவி, "கூட்ஸ் கணக்கு இல்லன்னியேக்கா" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அது நியாயம்தான். அதற்கு அடுத்து, பெட்டியே இல்லாமல் இன்ஜின் மட்டும் தனியாகப் போனது, அது ரயிலா இல்லையா என்று ஒரு வாக்குவாதம். பார்சல் வண்டி கூட்ஸில் சேர்த்தியா என்று இன்னொன்று. ஆட்கள் இல்லாமல் ஷெட்டுக்குப் போகும் காலி லோக்கல் வண்டி என்று மூன்றாவது. என்னைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள். நான் ரயிலில் போகிறவளே தவிர ரயில்வேக்காரி இல்லை என்றேன்.

இரண்டாவது தெருவில் ஒரு காது குத்து. அந்த வீட்டுக்காரி வந்து, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், கூடுதலாகக் கொஞ்சம் விடு என்று கேட்டாள். அக்கா முறை என்று ஆரம்பித்தாள். "உங்க பொண்ணுக்கு எடுத்தீங்கல்ல?" என்றாள் அவள், சாதாரணமாக. அக்கா சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போய்த் திறந்து விட்டாள். எவ்வளவு நேரம் ஓடியது என்று அன்று அவள் பார்க்கவில்லை.

பிறகு வேகமாக எல்லாம் நடந்தது. ஒரு வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள், பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலும் வைத்தார்கள். அக்கா எதன் மேலும் போய் உட்காரவில்லை. சாவி அவளிடம்தான் இருந்தது, ஆனால் ஆளுக்கு ஒரு கம்பியை வளைத்துச் சாவி செய்துகொண்டார்கள். ரயில்கள் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தன. ஒருவரை ஒருவர் பார்க்காமல் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த அமளிக்கு நடுவில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு அந்த நாட்களில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் பின்கட்டில் அக்கா காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து, காலின் மேல் குழந்தையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவாள். ஓயாமல் நடந்துகொண்டிருந்தவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். வெந்நீரைத் தவலையிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுவாள். அளக்க மாட்டாள். குழந்தையின் முதுகில் விழுந்த தண்ணீர் அவள் காலோடு ஓடி வாய்க்காலில் போகும், அதைப் பற்றிக் கவலையே பட மாட்டாள். தெலுங்கில் ஏதோ கொஞ்சிக்கொண்டிருப்பாள். நான் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்று வண்டியை விட்டதுண்டு.

போர் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகிய அன்றைக்கு அதுவும் முடிந்தது. வேறு மோட்டார் இறக்கினார்கள், சேறுதான் வந்தது. டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்ததோ, வாயில் வைத்தால் கரித்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. டாக்டர் தண்ணீரை மாற்றுங்கள் என்றார். எந்தத் தண்ணீருக்கு மாற்றுவது?

மூன்று மாதம் முடிய வேண்டும் தாய் வீட்டில். முடியவில்லை. சம்பந்தியம்மாள் காரோடு வந்து நின்றார். கோபப்படவில்லை, ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மகள் அழுதுகொண்டே பைகளைக் கட்டினாள். அக்கா குழந்தையைத் துண்டில் சுற்றி, மார்போடு வைத்துக்கொண்டு, கார் வரைக்கும் நடந்து வந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

"மனச விட்றாதீங்க. மழ வந்து போர்ல தண்ணி ஏறட்டும், நானே கொண்டாந்து விடறேன்," என்றார் சம்பந்தியம்மாள்.

"மழ வந்தா தண்ணி வரும். முற வராதுங்க," என்றாள் அக்கா.

சம்பந்தியம்மாள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் தாய் வீட்டில் செய்து அனுப்ப வேண்டிய கொலுசும் தொட்டிலும் சீரும் விட்டுப்போகிறதே என்று இவள் வருந்துவதாக நினைத்து, அவள் தோளைத் தொட்டார்.

"முறையெல்லாம் எங்கயும் போயிடாதுங்க. விட்டுப்போனத எங்க வீட்ல வச்சு செஞ்சுக்கலாம். அதுக்குப் போய் கலங்கறீங்களே."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆங், சரிங்க" என்று சொல்லி, குழந்தையை மகள் மடியில் வைத்து, கார் கதவைச் சாத்தினாள்.